ஒன்றே முக்கால் கிலோவைத் தாங்கிய கைகளுக்கு

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஊர்மக்களுக்கும், எங்கள் துணை சுகாதார நிலையத்தின் செவிலியர் அக்காவுக்கும், அங்கன்வாடி டீச்சருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் என் மகனுடைய முதல் பிறந்தநாளுக்கு வந்து வாழ்த்திய உங்கள் ஒவ்வொருவரிடமும் மனதில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அன்று சொல்ல முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஆவணியில், 33 வாரங்கள் முடிந்த நிலையில், அவன் 1,750 கிராம் எடையோடு பிறந்தான். 19 நாட்கள் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்தோம். தாய்வீடு என்று போக எனக்கு அம்மா இல்லை. கணவரோ திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். மூத்தவளுக்கு அப்போது நான்கு வயது. இந்த நிலையில், ஒரு கையளவு பிள்ளையை வீட்டிற்குத் தூக்கி வந்தபோது எனக்கு இருந்தது பயம் மட்டுமே.

செவிலியர் அக்கா மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். பிள்ளையை நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறையை மருத்துவமனையிலேயே எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோடா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் மருத்துவர்கள் தொடங்கிய வழி அது. உடம்புச் சூடே பிள்ளைக்குப் போர்வையாக இருப்பதால், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் முடியுமோ அத்தனை மணி நேரமும் வைத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாலும் புகட்டிக்கொண்டு, மூத்தவளையும் பார்த்துக்கொண்டு, தனி ஒருத்தியாக அதை எப்படிச் செய்வது என்று நான் கேட்டதற்கு, அக்கா என்னைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. கூடத்தில் அமர்ந்திருந்த என் மாமனாரைப் பார்த்து, “ஐயா, இதை அம்மாதான் செய்யணும்னு இல்லை. தாத்தாவும் செய்யலாம்” என்றார்கள்.

மாமா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? மறுநாளிலிருந்து பகல் இரண்டு மணிக்கு வயலிலிருந்து வந்து, சோப்புப் போட்டுக் குளித்து, சட்டையில்லாத நெஞ்சின் மேல் பேரனைக் கிடத்தி, அத்தையின் பழைய நூல்சேலையால் சுற்றிக் கட்டிக்கொண்டு, நான்கு மணி வரை அசையாமல் சாய்ந்திருந்தீர்கள். சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த நேரம் அது. உங்களுக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. வந்து எட்டிப் பார்த்த ஒருவர் இதென்ன கூத்து என்று கேட்டபோது, “நாத்தங்கால்ல இருக்க வேண்டிய பயிரு, முன்னாடியே வெளிய வந்துருச்சு. வேர் பிடிக்கிற வரைக்கும் காவல் இருக்கேன்” என்று நீங்கள் சொன்னது உள்ளறையில் படுத்திருந்த என் காதில் விழுந்தது. அந்த இரண்டு மணி நேரத் தூக்கம்தான் அந்த நாட்களில் என்னை மனுஷியாக வைத்திருந்தது.

அத்தை, நீங்கள் செய்ததோ அதைவிடக் கடினமான காரியம். மூன்று பிள்ளைகளை எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டி வளர்த்தவர் நீங்கள். எடை கூடும் வரை குளிப்பாட்ட வேண்டாம், புகை ஆகவே ஆகாது என்று செவிலியர் அக்கா சொன்னபோது உங்கள் முகம் வாடியதைக் கண்டேன். ஆனாலும் தூபக்காலை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டு, ஒரு சொல் மறுத்துப் பேசாமல் வெதுவெதுப்பான துணியால் துடைக்கக் கற்றுக்கொண்டீர்கள்.

செவிலியர் அக்கா எங்கள் நாட்காட்டியில் ஒரு தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுச் சென்றார்கள். இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த முப்பது நாட்களுக்குள் விழித்திரையைச் சோதித்தாக வேண்டும். ரத்தக்குழாய்கள் முழுமையாக வளராத கண்ணில் கோளாறு ஏற்பட்டால், வெளியே எந்த அடையாளமும் தெரியாமலே பார்வை போய்விடக்கூடும். காலத்தில் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். இது எனக்குத் தெரியாது. என்னைப் போன்ற பல தாய்மார்களுக்கும் தெரிந்திருக்காது என்பதால்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். அன்று எங்களைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று, மாலை வரை காத்திருந்து, வாடகை வாங்க மறுத்த ஆட்டோ தம்பிக்கும், இரண்டு வாரம் கழித்து மறுசோதனைக்கு மீண்டும் வந்த அதே தம்பிக்கும் என் நன்றி. மகனின் கண்கள் நன்றாக இருக்கின்றன.

அங்கன்வாடி டீச்சர், மூத்தவளை நீங்கள் பார்த்துக்கொண்டதற்கு ஈடாக நான் எதைச் செய்ய முடியும்? தம்பி வந்த பிறகு சோற்றைத் தொடாமல் இருந்தவளை, முட்டை போடும் நாளில் மற்றப் பிள்ளைகளுக்கு ஓடு உரித்துக் கொடுக்கும் பொறுப்பாளராக்கிச் சாப்பிட வைத்தீர்கள். எனக்குரிய சத்துமாவை நான் வாங்க வரவில்லை என்றதும், நீங்களே வீட்டிற்குக் கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மகனுக்கு ஒன்றரை மாதமான சமயத்தில் நான் காரணமின்றி அழுதுகொண்டிருந்தேன். பிள்ளையைத் தூக்கவே கை வராத நாட்களும் இருந்தன. தடுப்பூசி போடப் போன இடத்தில் செவிலியர் அக்கா பிள்ளையின் எடையைக் குறித்துவிட்டு, “உனக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டு, பதில் வரும் வரை காத்திருந்தார்கள். பிரசவத்திற்குப் பின் இப்படி வருவது உண்டு, இது உன் குற்றம் அல்ல என்று சொல்லி, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416-ஐ எழுதிக் கொடுத்து, மருத்துவரிடமும் உடன் வந்தார்கள். நள்ளிரவில் இரண்டு முறை அந்த எண்ணை அழைத்திருக்கிறேன். மறுமுனையில் தமிழில் பொறுமையாகப் பேசிய, முகம் அறியாத அந்த இருவருக்கும் என் கும்பிடு.

எதிர்வீட்டுப் பெரியம்மா, உங்களுக்கான நன்றியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளைக்குப் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டச் சொன்னார்கள். கேட்ட அன்றே உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வைத்திருந்த வெள்ளிப் பாலாடையைக் கொண்டுவந்து தந்தீர்கள். அதன் மூக்கு நுனியைக் கடைவாயில் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்த்து, விழுங்கிவிட்டானா என்று தொண்டையைப் பார்த்து, பிறகு அடுத்த சொட்டு விடுவேன். ஒரு வேளைப் பாலுக்கு அரை மணி நேரம் ஆகும். இரவு இரண்டு மணிக்கு எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தால் உங்கள் வீட்டு விளக்கும் எரிந்ததை நான் கவனித்திருக்கிறேன்.

இப்போது அவன் தானே டம்ளரைப் பிடித்துக் குடிக்கிறான். போன வாரம் அங்கன்வாடித் தராசில் 8,600 கிராம். பாலாடையைத் துலக்கி வைத்திருக்கிறேன், பெரியம்மா. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் இல்லையாதலால், அதில் கற்கண்டு நிரப்பி, வருகிற வெள்ளிக்கிழமை அவனையும் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

என்றும் நன்றியுடன்,
இரு பிள்ளைகளின் தாய்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்