மூத்த பிள்ளையையும் உள்ளே விடுங்கள்

ஆசிரியருக்கு,

பேறுகாலம் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் முதல் பிரசவத்தோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவது என்றால் "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல.

என்னைக் கவனித்த மருத்துவச்சி அப்படி விடவில்லை. இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் வேகமாக முடியும், வலி கண்டதும் தாமதிக்காதீர்கள் என்றார். பால் கொடுக்கும்போது கருப்பை சுருங்கி வலிக்கும், இந்த முறை கூடுதலாகவே இருக்கும் என்றும் முன்பே சொன்னார். அதனால் அந்த வலி வந்தபோது நான் பயப்படவில்லை.

மூத்தவளையும் பரிசோதனைக்கு அழைத்துவரச் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாப்பாவின் இதயத்துடிப்பைக் கேட்கவைத்தார். "குதிரை ஓடுது!" என்றாள் மகள். அப்புறம், பிறந்த பாப்பாவைப் பார்க்க அவள் வரும்போது என் கைகள் காலியாக இருக்கட்டும், பாப்பா தொட்டிலில் இருக்கட்டும் என்றார். ஓடிவந்தவள் முதலில் என்னைத்தான் கட்டிக்கொண்டாள். மூன்று வயதுப் பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைத்தால் திட்டக் கூடாது, அது இயல்புதான் என்று என் கணவரிடமும் சொல்லிவைத்தார். இதெல்லாம் எந்த மருந்துச் சீட்டிலும் இருக்காது.

கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறையாவது தாயைச் சந்திக்க வேண்டும் என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அவற்றில் ஒன்றிலாவது மூத்த பிள்ளையை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அனுமதிக்க வேண்டும். மே 5, உலக மருத்துவச்சிகள் தினம். அன்று இதைப் பற்றி உங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்