யார் சொன்னது என்று கேட்கும் அதிகாரிகளுக்கும், சொல்லலாமா என்று தவிக்கும் பிள்ளைகளுக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தங்கை மகள் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. இன்னும் புரொபேஷனில்தான் இருக்கிறாள். போன வாரம் அவளுடைய டீம் லீடர் தனியாகக் கூப்பிட்டு, "டீம்ல என்னைப் பத்தி யார் என்ன பேசறாங்கன்னு எனக்குத் தெரியணும். நீ எல்லார்கிட்டயும் நல்லாப் பழகற பொண்ணு, அப்பப்போ வந்து சொல்லு" என்றாராம். அதற்கு முந்தின நாள்தான் டீக்கடையில் இரண்டு பேர், அவர் மீட்டிங்கில் பேசுவதை நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். இவளும் கூடவே நின்றிருக்கிறாள். "சொல்லலைன்னா என்னைக் கன்ஃபர்ம் பண்ணாம விட்டுடுவாரோ பெரியம்மா? சொன்னா அவங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆகும்?" என்று ராத்திரி போன் செய்து கேட்டாள்.

சொல்லாதே கண்ணு என்றேன். ஏன் என்பதைப் போனில் முடிந்த அளவு விளக்கினேன். வேலைக்குப் புதிதாகப் போகும் எத்தனையோ பிள்ளைகளுக்கு இதே கேள்வி வந்திருக்கும். அவர்களுக்காகவும் அவர்களுடைய மேலதிகாரிகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னதால் உண்டான வேலை அது. தொழிலாளிகள் என்னை நிர்வாகத்தின் ஆள் என்பார்கள், நிர்வாகத்துக்கோ நான் தொழிலாளிகள் பக்கம் சாய்கிறேனோ என்று சந்தேகம். இரண்டு பக்கத்துப் பேச்சும் என் மேஜைக்கு வந்தது. அதனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைத் தைரியமாகவே சொல்கிறேன்.

ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டுக்குள் ஒருமுறையாவது போய் வந்தவர்களுக்குத் தெரியும். நூல் நூற்கும் இயந்திரங்களான ரிங் ஃபிரேம்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. ஃபிரேமின் பக்கங்களை, அதாவது சைடுகளை, பார்த்துக்கொள்ளும் சைடர் பெண்கள் கைஜாடையிலும் உதட்டசைவிலும்தான் பேசிக்கொள்வார்கள். மேலெல்லாம் பஞ்சு படிந்திருக்கும். நூல் அறுந்து போகாமல் இருக்க உள்ளே ஈரப்பதம் வைத்திருப்பார்கள், அந்தப் புழுக்கம் வேறு. அரை நைட்டோ (நள்ளிரவு வரைக்குமான ஷிப்ட்) முழு நைட்டோ (விடியும் வரைக்குமான ஷிப்ட்), டீ விடும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மனிதக் குரல் வெளியே வரும். அப்படி வரும்போது பெரும்பாலும் அந்த டிபார்ட்மெண்டின் அதிகாரியான ஸ்பின்னிங் மாஸ்டரைப் பற்றித்தான் வரும்! அவர் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொள்ளும் விதம், கோபம் வந்தால் திக்குவது, அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர். சிரித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அதே மாஸ்டர் சொன்ன வேலையைச் செய்யத்தான் உள்ளே போவார்கள். அடுத்த டீ வரைக்கும் தாங்குவதற்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

ஒரு சமயம் எங்கள் ஆலைக்குப் புதிதாக வந்த மேலாளர், டீ நேரத்தில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்து சொல்லும் வேலையை ஒரு மேஸ்திரியிடம் ஒப்படைத்தார். முதலில் மேலே போனது ஒரு பதிலித் தொழிலாளியின் பெயர். "நம்ம சாருக்கு நூலோட கவுண்டும் தெரியாது, ஆளோட கவுண்டும் தெரியாது" என்று அவர் சொல்லியிருந்தார். நூலுக்குக் கவுண்ட் என்றால் அதன் நயத்தைக் காட்டும் எண், ஆளுக்கு என்றால் எண்ணிக்கை. கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்தது. அவருக்கு மெமோ கொடுக்கவில்லை, விசாரணை வைக்கவில்லை. பதிலிகளுக்கு அதெல்லாம் தேவையும் இல்லை. ஷிப்ட் தொடங்கும்போது கேட்டில் வந்து நிற்பார்கள், யாருடைய பெயரைக் கூப்பிடுகிறார்களோ அவருக்கு அன்றைக்கு வேலை உண்டு. அதன் பிறகு இவருடைய பெயரைக் கூப்பிடவே இல்லை. தூக்குப்போசியோடு வந்து நின்று நின்று திரும்பிப் போனார். நான் கேட்டபோது "ஆள் தேவைப்படலைங்க மேடம்" என்றார்கள். ஆனால் அந்த நாட்களில் ஆள் பற்றாக்குறை இருந்ததை டைம் ஆபீஸ் ரிஜிஸ்டரே சொன்னது. கடைசியில் அவர் சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்குப் போய்விட்டார்.

அவர் சொன்ன அந்த ஒரு வரியில் உண்மையான குறை ஒன்று இருந்தது. இரண்டு பேர் பார்க்க வேண்டிய சைடுகளை ஒரே ஆள் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. ஆள் போதவில்லை என்பதைத்தான் அவர் வேடிக்கையாகச் சொன்னார். மேலாளர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது கேலியும் பெயரும் மட்டும். ஆள் போடவில்லை, சொன்ன ஆளைத்தான் இழந்தார்கள்.

அப்புறம் டீ நேரத்தில் மேஸ்திரி தலை தெரிந்தாலே பேச்சு நின்றுவிடும். ஒருவரை ஒருவர் நம்பாமல் தனித்தனியாக நின்று டீ குடித்தார்கள். மாஸ்டரைப் பற்றிய கேலி நின்றதில் நிர்வாகத்துக்குத் திருப்தி. ஆனால் வேறு பேச்சுகளும் சேர்ந்தே நின்றுபோயின. ஒரு ஃபிரேமின் மோட்டாரில் கருகல் வாடை வந்துகொண்டிருந்ததை ஒரு ஷிப்ட் முழுக்க யாரும் மேலே சொல்லவில்லை. "நமக்கெதுக்கு வம்பு, சொன்னா நாமதான் ஏதோ பண்ணோம்பாங்க" என்று பிறகு என்னிடம் சொன்னார்கள். அடுத்த ஷிப்டில் பக்கத்தில் சேர்ந்திருந்த பஞ்சுத் துகளில் தீப்பிடித்தது. பஞ்சு ஆலையில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை. முழு நைட் ஆட்கள் ஓடி வந்து அணைத்தார்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அது அதிர்ஷ்டம்.

மேலதிகாரியைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுவது ஒழுங்கீனம் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். ஆலைகளின் வேலை விதிகளைத்தான் நிலையாணைகள் என்பார்கள். 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தின் கீழ் வந்த மத்திய மாதிரி நிலையாணையில், எதெல்லாம் ஒழுங்கீனம் என்று ஒரு பட்டியலே இருந்தது. நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறுவது, திருட்டு, லஞ்சம், அடிக்கடி தாமதமாக வருவது, வேலை செய்யும் இடத்தில் ரகளை செய்வது என்று போகும். டீ குடிக்கும்போது மாஸ்டரைக் கேலி செய்வது அதில் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். மேலதிகாரியிடம் தகாத, மிரட்டும் விதமான வார்த்தை பேசியதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்ட ராமாகாந்த் மிஸ்ரா என்ற தொழிலாளியின் வழக்கில், அந்தத் தண்டனை மிக அதிகம், இரண்டு ஊதிய உயர்வை நிறுத்தினாலே போதும் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அளவு பேச்சுக்கே அப்படி என்றால், காதில் விழுந்த கேலிக்கு ஒருவருடைய பிழைப்பில் கை வைப்பதை என்னவென்று சொல்வது?

சரி, அப்படியானால் எதைக் கேட்டாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லை. உயிருக்கு ஆபத்தான விஷயம் காதில் விழுந்தால் உடனே சொல்ல வேண்டும். "மெஷினுக்கு மூடி போடாம ஓட்டச் சொல்றாரு, எவன் கை போனா அவருக்கென்ன" என்று ஒருவர் புலம்பினால், போய்ச் சொல்ல வேண்டியது மூடி இல்லை என்பதை. அதை நாமே கண்ணால் பார்த்துவிட்டு நம் பெயரிலேயே சொல்லலாம். புலம்பியவரின் பெயர் எதற்கு? ஒருவர் நிஜமாகவே அடிக்கப் போகிறேன், வெட்டப் போகிறேன் என்று திட்டம் போடுவது தெரிந்தால் மட்டும் பெயரோடு சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறு ஒன்று. "சார் ரூமுக்குத் தனியாப் போகாதடி" என்று பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்வார்கள். பார்க்க அதுவும் மேலதிகாரியைப் பற்றிய சாதாரணப் பேச்சு மாதிரியே இருக்கும். பலமுறை அது எச்சரிக்கை. அதைக் கேட்பவர் போக வேண்டிய இடம் அந்தப் பெண்ணிடம். என்ன நடந்தது என்று தனியாக, மெதுவாகக் கேட்க வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று, பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பொதுவாகச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதை அவளுக்குச் சொல்ல வேண்டும், கூடத் துணைக்குப் போக வேண்டும். கொடுப்பதா வேண்டாமா என்பது அவளுடைய முடிவு.

மேலதிகாரியே ஒரு பெண்ணாக இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். நான் அதை நேரிலேயே அனுபவித்திருக்கிறேன். வேலையைப் பற்றியோ கோபத்தைப் பற்றியோ பேச மாட்டார்கள். "எப்படி மேல வந்தாங்கன்னு தெரியாதா" என்பார்கள், உடம்பைப் பற்றிப் பேசுவார்கள். சாதியைச் சொல்லிப் பேசுவதும் இப்படித்தான். இதை வெறும் கேலி என்று என்னால் ஏற்க முடியாது. ஆனால் இதிலும் முதல் வேலை ரகசியமாக மேலே போய்ச் சொல்வது இல்லை. அந்த இடத்திலேயே, அவர் முகத்தைப் பார்த்து, "இப்படிப் பேசாதீங்கண்ணா, நல்லா இல்லை" என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லிவிட்டால் கூட இருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் தைரியம் வரும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் அந்த அம்மாவுக்குத் தெரியத்தான் வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பதவி பார்ப்பதில்லை, மேலதிகாரியான பெண்ணுக்கும் அது உண்டு.

இப்போது டீக்கடையை விட வாட்ஸ்அப் பெரிய தொல்லையாகிவிட்டது. "சார் இல்லாத குரூப்" இல்லாத ஆபீஸ் இன்று இல்லை என்று என் தங்கை மகள் சொல்கிறாள். அதில் வரும் ஒரு வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலே அனுப்புவது ஒரு நிமிட வேலை. டீ நேரத்தில் சொன்ன சொல்லுக்குச் சொன்னவரின் சிரிப்பும் குரலும் கூடவே இருந்தன. ஸ்கிரீன்ஷாட்டில் அது எதுவும் இருக்காது. அதற்கு மேலே யார் என்ன கேட்டார், எதற்குப் பதிலாக இது வந்தது என்பதும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அன்றைக்கு வந்த எரிச்சல் அன்றைக்கே போயிருக்கும், படம் மட்டும் இரண்டு வருடம் கழித்துப் பதவி உயர்வு நேரத்தில் வந்து நிற்கும். ஆகவே பிள்ளைகளே, அனுப்பாதீர்கள். கோபத்தில் எழுதாமல் இருப்பதும் நல்லது.

மேலதிகாரி நேராகவே கேட்டுவிட்டால் என்ன செய்வது? புரொபேஷனில் இருக்கும் பெண் எதிர்த்துப் பேச முடியாது, அது எனக்குத் தெரியும். பொய்யும் சொல்ல வேண்டாம். "டீம்ல எல்லாரும் வேலை அதிகமா இருக்குன்னுதான் சொல்றாங்க சார். ராத்திரி கால் அடிக்கடி வர்றது கஷ்டமா இருக்கு, எனக்குமே அப்படித்தான் இருக்கு" என்று உள்ள குறையைத் தன் குறையாகச் சொல்லலாம். யார் என்று மறுபடி கேட்டால், "பேர் சொல்றது எனக்குச் சரியாப் படலை சார்" என்று மரியாதையாக ஒரு தடவை சொன்னால் போதும். நியாயமான ஆளாக இருந்தால் அதற்கு மேல் கேட்க மாட்டார். உளவு சொல்லாததற்காக ஒருவர் வேலையை உறுதி செய்ய மறுப்பார் என்றால், சொல்லித் தக்கவைத்துக்கொண்ட வேலையிலும் நிம்மதி இருக்காது. நாளைக்கு இவளைப் பற்றிச் சொல்லவும் அவர் ஒருவரை வைத்திருப்பார்.

நல்ல மேலதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆலையில் பின்னால் வந்த ஒரு ஸ்பின்னிங் மாஸ்டர், முழு நைட்டில் தானே டீ டம்ளரோடு வந்து ஆட்கள் நடுவில் நிற்பார். முதல் சில வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு வயதான சைடரம்மா, "ஃபேன் ஓடலைங்க சார், ஓடலைன்னு எழுதின சீட்டுதான் ரெண்டு மாசமா ஓடிட்டிருக்கு" என்றார். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அந்த வாரமே ஃபேனைச் சரி செய்தார். அவருக்கும் பட்டப்பெயர் இருந்தது. அது தனக்குத் தெரியும் என்பதை அவர் காட்டிக்கொண்டதே இல்லை.

தொழில் நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஆலையில் புகார்ப் பெட்டி மேலாளர் அறை வாசலிலேயே மாட்டியிருந்தது, அதில் யார் போடுவார்கள்? 20 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் குறைதீர்க்கும் குழு வைக்க வேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் அது ஆய்வாளருக்குக் காட்டும் ஃபைலில் மட்டும் இருக்கிறது. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கேன்டீன் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். இப்போது நம் ஆலைகளில் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் மொழியிலும் ஒட்டுங்கள். குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன குறை வந்தது, அதற்கு என்ன செய்தார்கள் என்று முதலாளியே மாதம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலை நல அலுவலர்,
சிங்காநல்லூர், கோவை.