புதன்கிழமை மாலையைப் பறிக்காதீர்கள்

மன்ற நிர்வாகக் குழுவில் உள்ள பெரியோர்களுக்கு வணக்கம்.

நம் டர்பன் மண்டபத்தில் பல வருடங்களாகப் புதன்கிழமை மாலைகளில் இசிகத்தமியா, அதாவது வாத்தியமில்லாமல் குரல்களாலேயே பாடும் சூலு மக்களின் கூட்டுப்பாட்டு, பாடிப் பழகும் குழுவுக்கு அடுத்த மாதம் முதல் இடமில்லை என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். காரணம், சத்தமாம்.

சரி, சத்தத்தைப் பற்றியே பேசுவோம். நம் கல்யாண வரவேற்புகளில் டிஜே வைக்கும் ஸ்பீக்கருக்கு ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்கிறது. அதற்கு யாரும் நோட்டீஸ் ஒட்டியதில்லை. இவர்களிடம் மைக் இல்லை, ஆர்மோனியம்கூட இல்லை. தலைவர் மெல்லச் சுரம் பிடிக்கிறார். டெனர் என்னும் உயர்ந்த ஆண்குரல்கள் ஒன்றிரண்டு சேர்ந்துகொள்ள, மற்ற எல்லோரும் பேஸ் என்னும் தாழ்ந்த குரலில் கீழிருந்து தாங்குகிறார்கள். பாலிஷ் போட்ட ஷூவோடு அத்தனை பேரும் சேர்ந்து அடியெடுத்து வைத்தாலும் பலகைத் தரையில் ஓசை எழாது. ஒருநாள் லோட்ஷெடிங்கில் பக்கத்து அறையில் நம் பஜனைக் குழுவின் கீபோர்டு ஊமையாகிவிட்டது. இவர்களோ இருட்டிலேயே பாடி முடித்து, நாற்காலிகளையும் அடுக்கிவிட்டுப் போனார்கள்.

“சூலுக்காரர் பாட்டு நமக்கெதற்கு?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, ஹாஸ்டல்களில் நெருக்கியடித்துக் கிடந்த தொழிலாளிகள் வளர்த்த பாட்டு இது. 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்களின் வம்சமான நமக்கு இதை விளக்க வேண்டுமா? நம் தெருக்கூத்தைப் போலவே இவர்களுடைய போட்டிகளும் விடிய விடிய நடக்கும். எந்தக் குழுவையும் அறியாத வெளியாளைப் பிடித்து நடுவராக உட்கார வைப்பார்கள். (நம் பாட்டுப் போட்டிகளுக்கும் இந்த வழக்கம் வந்தால் பாதிச் சண்டை தீரும்.)

சூலுப் பாடகர் சாலமன் லிண்டா 1939இல் பதிவு செய்த ‘ம்பூபே’ பாட்டு உலகமெல்லாம் சுற்றிக் காசு பண்ணியது. அவர் 1962இல் ஏழையாகவே இறந்தார். ஜோசப் ஷபலாலா தொடங்கிய லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ என்ற இசிகத்தமியா குழு ஐந்து கிராமி விருது வாங்கியது. இங்கே நம் குவாசூலு நடால் மாகாணத்தில்தான் அந்த லேடிஸ்மித் ஊர் இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் டிக்கெட் எடுத்துக் கேட்கும் பாட்டை, நாம் சத்தம் என்கிறோம்.

வாடகைதான் உண்மையான பிரச்சினை என்றால் அதை நேராகச் சொல்லுங்கள். குழுத் தலைவரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து, உட்கார வைத்துத் தொகை பேசுங்கள். அப்புறம், தேவார வகுப்புப் பிள்ளைகளை ஒரு புதன்கிழமை அரைமணி நேரம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க விடுங்கள். ஒரே மெட்டில் பாடிப் பழகிய பிள்ளைகள், குரல்கள் நாலாகப் பிரிந்து சேருவதைக் கிட்டத்தில் கேட்கட்டும். அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது.

இப்படிக்கு,
மன்றச் சந்தாதாரர் ஒருவர்,
டர்பன்