கிட் செய்ய சீரம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலக் காய்ச்சல் பற்றிய கட்டுரையில், டெங்கு பரிசோதனைக் கிட்டுகளைச் சென்னையிலேயே ஏன் தயாரிக்கக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். அம்பத்தூரில் அப்படிக் கிட் உருவாக்கும் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களுக்குப் பெரிய தட்டுப்பாடு சீரம்தான், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்.

ரத்தத்தில் நோயின் தடயத்தைக் கண்டுபிடிக்கும் எலிசா பரிசோதனை முறை 1971இலேயே வந்துவிட்டது. கிட்டுக்குத் தேவையான ஆன்டிபாடியை (கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதம்) காசு கொடுத்தால் வாங்கலாம். பஃபர் என்ற சுத்தமான கரைசலில் கலந்த ஆன்டிஜெனை (கிருமியின் புரதம்) வைத்துப் பார்த்தால் எந்தக் கிட்டும் அழகாக வேலை செய்யும். நோயாளியின் சீரத்தை விடும்போதுதான் வண்டவாளம் தெரியும். மூட்டுவாதக்காரர் பலரின் ரத்தத்தில் இருக்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் உள்ளவருக்கு டெங்குவே இல்லாமல் ஐஜிஎம் (தொற்று வந்ததும் முதலில் உருவாகும் ஆன்டிபாடி வகை) பாசிட்டிவ் காட்டலாம். டெங்குவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் ஒரே வைரஸ் குடும்பம். ஒன்றுக்கு உடம்பில் உருவான ஆன்டிபாடி மற்றதன் கிட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் முறை டெங்கு வந்தவருக்கு ஐஜிஎம் அவ்வளவாக ஏறாது, கிட் கோட்டை விட்டுவிடும்.

ஆகவே 'டெங்கு பாசிட்டிவ்' என்று சீட்டு ஒட்டிய டியூப் மட்டும் எங்களுக்குப் போதாது. டெங்கு வைரஸின் புரதமான என்எஸ்1 முதல் நாட்களிலேயே தெரியும், ஐஜிஎம் ஐந்தாம் நாள் வாக்கில்தான் தலைகாட்டும். எனவே காய்ச்சலின் எத்தனையாவது நாள் எடுத்த ரத்தம் என்ற குறிப்பு வேண்டும். வேறு காய்ச்சலை டெங்கு என்று கிட் தவறாகக் காட்டுகிறதா என்று பார்க்க, சிக்குன்குனியா, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளின் சீரமும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இவர்கள் எல்லோரும் ஒரே ஓ.பி. வரிசையில்தான் நிற்கிறார்கள். பரிசோதனை முடிந்து மீந்த சீரமோ மருத்துவக் கழிவாகப் போகிறது. நாங்கள் வெளிநாட்டிலிருந்து மில்லிலிட்டர் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். நம்மூர் ரத்தத்தில் கிட் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதில் விடை கிடைப்பதில்லை.

இந்தியாவில் எச்ஐவி இருப்பது 1986இல் தெரியவந்ததே, எப்படி? சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் சென்னையில் சீரம் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் எலிசா செய்து பார்த்தார்கள். சீரத்தைத் திரட்டியதே அங்கே பாதி வேலை.

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற ஓர் அரசு நிறுவனத்தில் சீரம் வங்கி தொடங்கலாம். மீந்த சீரத்தைப் பெயர், முகவரி நீக்கி, காய்ச்சல் நாளையும் உறுதியான நோயையும் மட்டும் குறித்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்தால் போதும். ஏழை நோயாளியின் ரத்தத்தைக் கம்பெனிக்கு விற்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நோயாளியின் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இல்லாமல் ஒரு துளிகூட வெளியே போகக் கூடாது. அரசுக் கல்லூரி ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கட்டும். எங்களைப் போன்ற தனியாரிடம் கட்டணம் கேட்கட்டும், தருகிறோம்.

இப்படிக்கு,
கிட் ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை.