டிக் விழாத வரிகளுக்கு

வேலூர், காட்பாடி, ஆம்பூர், சூளைமேடு, புனே என்று எங்கெங்கோ இருக்கும் என் கடன்காரர்களுக்கு வணக்கம்.

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணைக் காலி செய்யும்போது என் பழைய டென்னிஸ் பை பொத்தென்று விழுந்தது. உள்ளே பிசுபிசுத்துப்போன கிரிப், வலது கால் ஷூ ஒன்று (இடது கால் எங்கே போனதோ), கூடவே ஒரு நீள நோட்டு. நோட்டு அப்பாவுடையது. லாங்கு பஜார் மளிகை மண்டி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் கணக்கெழுதியவர் அவர். எதையும் வரவு, செலவு என்று பிரித்து எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'பாப்பா டென்னிஸ் வகையில், 1995 முதல்' என்று தலைப்பு. யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று வரிசையாக எழுதி, திருப்பிக் கொடுத்ததற்கெல்லாம் சிவப்பு மையில் டிக் போட்டிருக்கிறார். டிக் விழாத வரிகளை எண்ணினேன். இருபத்துமூன்று.

"இன்னாப்பா, இதெல்லாம் அப்படியே வுட்டுட்ட?" என்றேன்.

"குடுக்கத்தான் போனேன். ஒருத்தரும் வாங்கல. இன்னா பண்ணச் சொல்ற?" என்றார்.

எழுபத்தெட்டு வயதிலும் அந்த இருபத்துமூன்று வரி அவரை உறுத்துகிறது. பாதிப் பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் தனித்தனியாகக் கடிதம் போடாமல் இப்படி ஊரறிய எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2004-லிருந்து 2015 வரை நான் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தேன். தொழிலாகத்தான். ஒற்றையரில் என் நல்ல ரேங்க் எழுநூற்றுச் சொச்சம். அதைத் தாண்டி மேலே வந்ததேயில்லை. டிவியில் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு என்று நம்ம வேலூரைக் கேலி செய்வார்கள் இல்லையா? கோயிலுக்கு 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில்கூட மழை அடித்துப் பெய்த வருஷம் தண்ணீர் ஓடுகிறது. அந்தப் பட்டியலில் 'கோர்ட்டு இல்லாத டென்னிஸ்காரி' என்று என்னையும் சேர்த்துவிட்டவன் என் தம்பி.

கோர்ட் இல்லாமல் இல்லை. எனக்கு இல்லை, அவ்வளவுதான். எங்கள் தெருக்கோடியில் இருந்த தாத்தா ஒரு கிளப்பில் மார்க்கர். மெம்பர்களுக்குப் பந்தடித்துக் கொடுப்பதும் கோர்ட்டைப் பராமரிப்பதும் அவர் வேலை. மெம்பர் அல்லாதவர் வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்பது அங்கே சட்டம். ஒன்பது வயதில் நான் உள்ளே போனது கேட் வழியாக அல்ல. அவர் சைக்கிள் கேரியரில் குந்தி, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக.

காலை நான்கரைக்கு ஹோஸ் பைப்பால் செம்மண்ணை நனைப்பார். வேலூர் வெயிலுக்கு முந்தின நாள் ஈரமெல்லாம் எப்போதோ போயிருக்கும், தரை பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்கும், நிஜமாகவே. பிறகு உருளை. பிறகு சாக்கை இழுத்து மட்டம் பண்ணுவார். கடைசியில் சுண்ணாம்புக் கோடு. இது எல்லாவற்றுக்கும் நான் எடுபிடி. கூலி, ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை ஆட்டம். ஆறரைக்கு முதல் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் நான் தொட்டிக்குப் பின்னால் போய்விட வேண்டும்.

அவரிடம் ஒரு கொச்சைக்கயிறு இருந்தது. நெட்டுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் அதை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுவார். "நெட்ட பாக்காத. கயித்துக்கு மேல போவணும், ஆனா கோட்டுக்குள்ள விழணும்." டாப்ஸ்பின் (பந்து முன்பக்கமாகச் சுழன்று, உயரப் போய்ச் சட்டென்று கீழே இறங்குவது) என்ற வார்த்தையை நான் கேள்விப்பட்டது மூன்று வருஷம் கழித்து, சென்னையில். கேட்டதும், அட, இது கயிறாச்சே என்று தோன்றியது. நோட்டில் அவர் வரி: 'மார்க்கர் பெரியவர், பழைய பந்து, கணக்கில்லை'. எண்ணாமல் விட்டது அப்பா வாழ்நாளில் அது ஒன்றுதான். பெரியவர் 2009-ல் தவறிவிட்டார். அந்த வாரம் நான் லக்னோவில் ஒரு குவாலிஃபையிங் மேட்ச்சில், அதாவது மெயின் டிரா என்கிற முக்கியப் போட்டிக்குள் நுழைய ஆடும் தகுதிச் சுற்றில், தோற்றுக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் சொல்லவில்லை. மனசு கலையும் என்று மறைத்துவிட்டார்கள். இன்றும் அதில் எனக்கு அவர்கள்மேல் கோபம் உண்டு. தாத்தாவின் மகனுக்கும் மருமகளுக்கும் இந்த மடலின் முதல் நன்றி.

1998 ஜனவரியில் தாத்தாதான் ஒரு செய்தித்தாளை மடித்துக்கொண்டு வந்து என்னைப் படிக்கச் சொன்னார். கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன், ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை ஜெயித்திருந்தார். தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்த 'ஓப்பன்' காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் மெயின் டிராவில் ஒரு சுற்று வென்ற முதல் இந்தியப் பெண். ஒரே ஒரு சுற்றுதான். "ஒரு ரவுண்டுக்கே பேப்பர்ல போட்டுட்டான் பாத்தியா" என்று தாத்தா அன்று கோர்ட்டுக்கு இரண்டு தடவை தண்ணீர் விட்டார்.

சூளைமேட்டு அத்தைக்கு என்ன சொல்வது? நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வாங்கியது உங்கள் தப்பு என்று சொல்லலாமா? ஒரே ஹால், ஒரே அறை, நீங்கள் நாலு பேர். அதில் ஐந்தாவதாக எட்டு வருஷம் இருந்தேன். மாமா கட்டிலை எனக்கு விட்டுவிட்டு வராந்தாவில் படுத்தார். 'நாளைக்கு மேட்ச் இருக்கிற பொண்ணு' என்று காரணம் வேறு. எனக்கு எல்லா நாளும் நாளைக்கு மேட்ச்தான்.

என் தொழிலின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றவர்களின் நன்றிக்கு அர்த்தம் புரியும். நான் ஆடியதெல்லாம் ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) அந்த நாளில் நடத்திய 10,000 டாலர் போட்டிகள். "நம்ம காசுக்கு நாலரை லட்சமாமே!" என்று எங்கள் தெருவே வாயைப் பிளந்தது. மொத்தப் போட்டிக்கும் சேர்த்துத்தான் அந்தப் பத்தாயிரம். கோப்பையைத் தூக்குகிறவளுக்கு 1,500 டாலர் சொச்சம். மெயின் டிராவில் முதல் சுற்றிலேயே தோற்றால் நூறு டாலர்கூடத் தேறாது. குவாலிஃபையிங்கில் தோற்றால் சுத்தம், ரயில் டிக்கெட்டும் நம் தலையில். அதிலும் குவாலிஃபையிங் ஆட முந்தின நாள் சாயங்காலம் நேரில் போய் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் பெயர் இருக்காது. ரயில் லேட்டானதால் மட்டும் நான் நான்கு போட்டிகளை இழந்திருக்கிறேன். பாயிண்ட்டும் ஒன்றிரண்டாகச் சொட்டும். மூன்று போட்டிகளிலாவது பாயிண்ட் எடுக்காமல் எங்களைப் போன்றவர்கள் பெயர் ரேங்கிங் பட்டியலில் ஏறாது.

கட் போடும் அண்ணே, இப்போது உங்கள் முறை. ராக்கெட் நரம்பைத்தான் சொல்கிறேன்; அதை எங்கள் பக்கத்தில் 'கட்' என்றால்தான் புரியும். நம்மூரில் ஷட்டில் ராக்கெட்டுக்கு மட்டும் கட் போட்டுக்கொண்டிருந்த உங்களிடம் அப்பா என் ராக்கெட்டை நீட்டியபோது, "இம்மாம் பெருசா?" என்று சிரித்தீர்கள். கையால் சுற்றுகிற அந்தப் பழைய மெஷினில் ஐம்பத்துநாலு பவுண்டு இழுக்க நீங்கள் பழகியதற்குள் இரண்டு ஃபிரேம் நெளிந்தது. இரண்டுக்கும் நீங்களே காசு கொடுத்தீர்கள். நோட்டில் எழுதியிருக்கிறது. அப்புறம் பதினோரு வருஷம் கூலி வாங்கவில்லை.

ஒரு தடவை, 2007 என்று நினைக்கிறேன். சென்னையில் தோற்ற கையோடு பெங்களூர் போட்டிக்கு லால்பாக் எக்ஸ்பிரஸில் போகிறேன். இரண்டு ராக்கெட்டிலும் கட் அறுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து போக நேரமில்லை. காட்பாடியில் வண்டி நிற்கிற அந்தச் சில நிமிஷத்தில், கூட்டத்துக்கு மேலே கை தூக்கினபடி நீங்கள் ஓடி வருகிறீர்கள். கையில் தினசரித்தாள் சுற்றிய இரண்டு ராக்கெட், வேறு ஃபிரேம், புது கட். ஜன்னல் கம்பிக்குள் அவை நுழையவில்லை. வாசலில் நின்றிருந்த ஒரு பெரியம்மா வாங்கித் தலைக்கு மேலேயே கைமாற்றி விட்டார். "உள்ள பொட்டலம் இருக்கு, துன்னுட்டு ஆடு" என்று நீங்கள் கத்தியது வண்டி நகர்ந்த பிறகுதான் கேட்டது. புளிசாதம். தாளில் எண்ணெய் ஊறி ஒரு கட் முழுக்க மஞ்சள். பெங்களூரில் மெயின் டிராவில் இரண்டு சுற்று ஜெயித்தேன். முகம் தெரியாத அந்தப் பெரியம்மாவுக்கும் நன்றி.

அம்மாவுக்குப் பொதுவில் நன்றி சொன்னால் திட்டுவாள். இருந்தாலும் ஒன்று. 'பொட்டப்புள்ள முட்டிக்கு மேல உடுத்திகினு போவுதே' என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு அவள் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்து அதே பாவாடைக்கு இரண்டாவது பந்து வைக்கப் பை தைத்துக்கொண்டிருந்தாள். டென்னிஸில் சர்வ் போடுகிறவளுக்கு இன்னொரு பந்தை வைக்க இடம் வேண்டும் என்பது அவளுக்கு ஒரே பார்வையில் புரிந்தது.

ஒரு வேடிக்கையான வரியும் நோட்டில் இருக்கிறது. 'செக், அட்டை, ரூ. 50,000. வரவில்லை.' 2005-ல் சானியா மிர்சா ஹைதராபாத்தில் டபிள்யூ.டி.ஏ. (பெண்கள் டென்னிஸ் சங்கம்) பட்டம் வென்றதும் ஊரெல்லாம் டென்னிஸ் பெண்களைத் தேட ஆரம்பித்தார்கள். ஒரு கம்பெனிக்காரர்கள் என்னை மேடையேற்றி, என் உயரத்துக்கு ஒரு அட்டை செக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நிஜ செக் பின்னால் வரும் என்றார்கள். வரவே இல்லை. அட்டை ரொம்ப நாள் எங்கள் குளியலறைக் கதவுக்கு ஒட்டுப்பலகையாக இருந்தது.

அதற்கு அடுத்த வரி ஆம்பூர். தோல் ஷாப்பு ஒன்றில் மேஸ்திரியாக இருந்த அண்ணன், அப்பாவின் சிநேகிதருக்குச் சிநேகிதர். என்னை ஒரு முறைகூடப் பார்க்காதவர். நான் வெளிநாடு போக வழியில்லாமல் நிற்கிறேன் என்று கேள்விப்பட்டு, சம்பள நாளில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களிடம் பிரித்து, 11,350 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். பத்தும் இருபதுமாக. நோட்டெல்லாம் தோல் வாசம். அப்பா திருப்பிக் கொடுக்கப் போனபோது, "யார் யார் குடுத்தாங்கன்னு எழுதி வெக்கலியே, யாருக்குன்னு திருப்பிக் குடுப்பேன்?" என்று கேட்டிருக்கிறார். கணக்கெழுதுகிறவருக்கு இதைவிட அடி வேண்டுமா!

அந்தப் பணத்தில் தொடங்கித்தான் ஷரம் அல் ஷேக் வரை போனேன். எகிப்தில் ஒரே ஓட்டலில் வாராவாரம் போட்டி நடக்கும். ஒரு டிக்கெட்டில் போய் மூன்று நான்கு வாரம் ஆடிவிட்டு வரலாம். அங்கே என்னுடன் கட்டிலையும் குக்கரையும் பகிர்ந்த என் டபுள்ஸ் பார்ட்னருக்குத் தமிழ் தெரியாது. யாராவது படித்துக் காட்டட்டும்: ஏய் புனேக்காரி, அந்த அரையிறுதியில் டபுள் ஃபால்ட் போட்டவள் நான்தான், நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறக்கவில்லை.

மணிக்கட்டு போனது 2014-ல். சுண்டுவிரல் பக்கம், பந்தை வெட்டும்போதெல்லாம் சுருக்கென்று இழுக்கும். சானியாவுக்கும் மணிக்கட்டுதான், 2007-ல் 27-வது இடம் வரை போனவர், 2013-ல் ஒற்றையரை விட்டுவிட்டார். இரட்டையரில் நம்பர் ஒன் ஆனது 2015-ல். அதே வருஷம்தான் நான் பெட்டியைக் கட்டினேன். எனக்கு இரட்டையர் என்ற மாற்றுவழி எல்லாம் இல்லை.

கைக்கு வைத்தியம் பார்க்க வேலூரைவிட வேறு ஊர் எதற்கு? தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை பால் பிராண்ட் அறுவை செய்து நிமிர்த்தியது நம்ம சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதே அறுவைகளைச் செய்த மேரி வர்கீஸ் இருந்ததும் அங்கேதான். அந்தப் பரம்பரையில் வந்த ஒரு தெரபிஸ்ட் அக்காவிடம் நான் ஐந்து மாதம் போனேன். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக்கை என் கையில் அழுத்தி ஸ்பிளிண்ட் செய்து கொடுத்தார். வாளி நிறைய ரேஷன் அரிசி. அதற்குள் கையை முழங்கை வரை விட்டு, விரலை விரித்து மூடி, திருப்பி, முறுக்க வேண்டும். ஒரு நாள் வாளி முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன். "அயாத. அரிசி நனஞ்சா உங்கம்மா என்னத்தான் கேப்பாங்க" என்றார். டாக்டர் அம்மா நேராகவே சொன்னார்: "இன்னும் ஒரு வருஷம் ஆடலாம். அதுக்கப்புறம் தண்ணிக் குடம் தூக்கறப்ப என்னைத் திட்டுவே." விடச் சொல்லவில்லை, முடிவை என்னிடமே விட்டார். அன்று பாகாயத்திலிருந்து பஸ் ஏறாமல் வீடு வரை நடந்தே வந்தேன். விட்டுவிட்டேன்.

2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் பெண்கள் போட்டி நடந்தபோது காலரியில் உட்கார்ந்து பார்த்தேன். பதினேழு வயது லிண்டா ஃப்ருவிர்தோவா கோப்பையைத் தூக்கினாள். பக்கத்தில் அத்தை முறுக்கு கடித்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு எங்கடி தங்கியிருக்கா?" என்றாள். ஓட்டலில் என்றேன். "பாவம்" என்றாள்.

மீதி வரிகளில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: ஒவ்வொரு முறையும் மருதாணி வைத்து அனுப்பிய பக்கத்து வீட்டு ஆயா, அட்டெண்டன்ஸில் கண்ணை மூடிக்கொண்ட கிளாஸ் மிஸ், பாஸ்போர்ட்டுக்கு அலைந்த சித்தப்பா, எல்லோரும் நோட்டில் பத்திரமாக இருக்கிறீர்கள்.

இப்போது ஊர் ஓரத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் பதினான்கு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். தாத்தாவின் கயிறு இற்றுப்போய்விட்டது. அதே உயரத்தில் நைலான் கயிறு கட்டுகிறோம். இருபத்துமூன்று வரிக்காரர்களும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு அங்கே வாருங்கள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். அம்மா கையால் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் உண்டு. அப்பா நோட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு வருவார். உங்கள் வரிக்கு நேரே ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருங்கள், அவர் டிக் போட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
லாங்கு பஜார் கணக்குப்பிள்ளை மகள்