கேஸ் வண்டி வெடிக்கத்தான் செய்யும் என்று யார் சொன்னாலும் நம்பாதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. எல்.பி.ஜி. கேஸிலும் ஓடும் உன் கார் மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பானட்டுக்குள் டமார் என்று சத்தம், இறங்கித் திறந்து பார்த்தால் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி பிளந்து, கிளிப்புகள் தெறித்துக் கிடந்தன என்றாய். வண்டியைப் பார்த்த மெக்கானிக், "கேஸ் வண்டின்னா அப்படித்தான் மேடம், ஒரு பேக்ஃபயர் வால்வு மாட்டிடலாம்" என்றாராம். உனக்கு அடிபடவில்லை, அதுவே போதும். ஆனால் அவர் சொன்னதை அப்படியே விட்டுவிட எனக்கு மனசில்லை. போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

கேஸ் வண்டி வெடிக்கும் என்பது அதன் குணம் இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் உன்னுடையது போல மிக்சர் கிட் (கேஸைக் காற்றோடு கலந்து அனுப்பும் அமைப்பு) போட்ட பழைய வண்டிகூட வருடக்கணக்கில் ஒரு தும்மல் இல்லாமல் ஓடும். வெடித்தது என்றால் எங்கோ ஏதோ கெட்டிருக்கிறது. அது பெரும்பாலும் கேஸ் கிட்டில்கூட இருக்காது. இக்னிஷனில், அதாவது பொறி போடும் பகுதியில் இருக்கும்.

பெட்ரோலில் ஓடும்போது ஏன் இப்படி நடப்பதில்லை என்று கேட்டாய். உன் வண்டியில் பெட்ரோல் இன்ஜெக்டர்கள் ஒவ்வொரு இன்லெட் வால்வுக்கும் (சிலிண்டருக்குள் காற்று நுழையும் கதவு அது) பக்கத்தில்தான் பெட்ரோலைத் தெளிக்கின்றன. காற்றைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் மற்ற இடமெல்லாம் ஏறக்குறைய வெறும் காற்றுதான். நெருப்பு தப்பித் தவறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் அங்கே பற்றிக்கொள்ள அதிகம் இல்லை. மிக்சரோ த்ராட்டிலுக்கு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) முன்னாலேயே கேஸைக் காற்றோடு கலந்து அனுப்புகிறது. மிக்சரிலிருந்து வால்வு வரைக்கும், அந்த ரப்பர் குழாய், மேனிஃபோல்டு எல்லாமே கலந்து தயாராக நிற்கும் கேஸ்தான். எல்.பி.ஜி.யில் இருக்கும் புரொப்பேன் காற்றில் 2 முதல் 9.5 சதவீதம் வரை இருந்தால் பற்றும். சரியாக டியூன் செய்த இன்ஜினில் அது 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதாவது நன்றாக எரியும் அளவு. இன்லெட் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் ஒரு பொறி உள்ளே எட்டினால் மொத்தமும் ஒரே நொடியில் பற்றி, பலவீனமான இடத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். உன் வண்டியில் அந்த இடம் ஏர் ஃபில்டர் மூடி. சில வண்டிகளில் பிளாஸ்டிக் மேனிஃபோல்டே உடையும்.

சைலன்சர் பக்கம் படபட என்று வெடிப்பது வேறு சமாச்சாரம். எரியாமல் போன கேஸ் அங்கே போய் எரிகிறது. அதையும் கவனிக்க வேண்டும்தான், ஆனால் நான் இப்போது பேசுவது பானட்டுக்குள் வெடிப்பதைப் பற்றி மட்டும்.

சரி, வால்வு திறந்திருக்கும் நேரத்தில் நெருப்பு எப்படி வருகிறது? இதில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது.

கேஸ் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், அப்போது இன்னும் கூடுதலாக வேண்டும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் அதற்கும் மேலே. காயில் அந்த வோல்டேஜைக் கொடுத்துவிடும். ஆனால் பிளக் முனையில் தாண்டுவது கஷ்டம் என்றால் மின்சாரம் சுலபமான வேறு வழியைத் தேடும். விரிசல் விட்ட ஒயர் உறை, மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் கரி படிந்த கோடு, ஈரம், எது கிடைத்தாலும் அதன் வழியாகப் பக்கத்துச் சிலிண்டருக்குத் தாவிவிடும். பெட்ரோலில் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாத வண்டி கேஸில் மட்டும் வெடிப்பது இதனால்தான். பெட்ரோல் பொறுத்துக்கொண்ட பலவீனத்தைக் கேஸ் காட்டிக் கொடுக்கிறது.

எங்கே தாவுகிறது என்பதுதான் இன்னும் மோசம். உன் இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-4-2. 3-வது சிலிண்டரில் பொறி விழ வேண்டிய நேரத்தில் 4-வது சிலிண்டர் கலவையை இழுத்து முடிக்கும் கட்டத்தில் இருக்கும், அதன் இன்லெட் வால்வு நன்றாகத் திறந்திருக்கும். 2-ல் பொறி விழும்போது 1-ன் வால்வு அப்படித் திறந்திருக்கும். இப்போது பானட்டைத் திறந்து பார். 3, 4 ஒயர்கள் பக்கத்துப் பக்கத்தில், 1, 2 ஒயர்கள் பக்கத்துப் பக்கத்தில், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒரே கிளிப்பில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். தாவக் கூடாத ஒயருக்குத்தான் பொறி தாவுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் இதே கதைதான், ஏனென்றால் அதில் பக்கத்துப் பக்கத்து முனைகள் அடுத்தடுத்து எரிய வேண்டிய சிலிண்டர்களுடையவை. ஆகவே முதல் வேலை அந்த ஒயர்களைப் பிரித்து, ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி விட்டு மாட்டச் சொல். ஒயரும் மூடியும் அதற்குள் சுழலும் ரோட்டரும் பழசு என்றால் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடு. ஒன்றை மட்டும் மாற்றுவதில் அர்த்தமில்லை.

ஒயரில் மின்சாரம் கசிகிறதா என்று நீயே பார்க்கலாம். முதலில் கேஸ் வாசனை எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும், அதனால் குனிந்தும் முகர்ந்து பார். லேசாக வாசனை வந்தாலும் வண்டியை ஸ்டார்ட் செய்யாதே, டேங்க் வால்வை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடு. வாசனை இல்லை என்றால், நன்றாக இருட்டிய பிறகு, திறந்த வெளியில், பெட்ரோலில் ஐட்லிங்கில் விட்டு பானட்டைத் திறந்து வை. ஒயர்கள் மேல் லேசாகத் தண்ணீரைப் புகை மாதிரி தெளி. கசியும் ஒயரின் ஓரத்தில் நீல நிறத்தில் மெல்லிய ஒளி ஓடும், சில இடங்களில் சட் சட் என்று பொறி குதிப்பது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் எதன் மேலும் வைக்காதே. துப்பட்டாவும் முடியும் ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

பிளக்கைப் பற்றி. நடுவில் இருக்கும் எலெக்ட்ரோடின் விளிம்பு புதிதில் கூர்மையாக வெட்டினாற்போல் இருக்கும். தேய்ந்தால் மழுங்கி உருண்டுவிடும். அப்படி உருண்ட பிளக்கில் இடைவெளியை மட்டும் சரிசெய்து திரும்ப மாட்டுவது வீண் வேலை. பெட்ரோலுக்கு 1.0, 1.1 மி.மீ. என்று இருக்கும் இடைவெளியைக் கேஸுக்கு 0.7, 0.8 மி.மீ. என்று குறைத்து வைப்பது வழக்கம். உன் கிட்டின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதையே வை. கேஸில் ஓடும் வண்டிக்குப் பிளக்கைக் கொஞ்சம் சீக்கிரமே மாற்ற வேண்டும். அதில் மிச்சம் பிடிக்காதே.

அடுத்த குற்றவாளி மைலேஜ் ஆசை. திரவ கேஸை ஆவியாக்கும் வேப்பரைசரிலிருந்து மிக்சருக்குப் போகும் குழாயில் கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ ஒன்று இருக்கும். மைலேஜ் கூட வேண்டும் என்று அதை இறுக்குவார்கள். ஒரு லிட்டர் எல்.பி.ஜி.யில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய கால்வாசி சக்தி குறைவு. லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் குறையத்தான் செய்யும், அது வண்டியின் குறை இல்லை. இறுக்கினால் கலவை லீன் ஆகிவிடும், அதாவது காற்றுக்குக் கேஸ் போதாமல் போகும். லீன் கலவை மெதுவாக எரியும். பவர் ஸ்ட்ரோக் முடிந்து, எக்ஸாஸ்ட் முடிந்து, இன்லெட் வால்வு திறக்க ஆரம்பிக்கும்போதும் உள்ளே தீ மிச்சமிருந்தால், புதிதாக வரும் கலவை அதில் பற்றி மேனிஃபோல்டுக்குள் திரும்பிவிடும். கூடவே லீன் கலவையைப் பற்றவைக்க வோல்டேஜும் அதிகம் வேண்டும், அதனால் ஒயர் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஸ்க்ரூவைக் காதால் கேட்டுத் திருப்பச் சம்மதிக்காதே. எக்ஸாஸ்டில் புகையை அளக்கும் அனலைசர் வைத்து, ஐட்லிங்கிலும் லோடிலும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மெக்கானிக் இதற்கு முகம் சுளித்தால் வேறு ஆளைப் பார்.

ஸ்க்ரூ சரியாக இருந்தும் லீன் ஆகலாம். வேப்பரைசருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு விறைத்துப் போயிருக்கலாம், கேஸ் ஃபில்டர் அடைத்திருக்கலாம், ரேடியேட்டர் தண்ணீர் குறைந்து வேப்பரைசர் குளிர்ந்து போயிருக்கலாம். கேஸ் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், சுடுதண்ணீர் வராவிட்டால் வேப்பரைசர் மேல் பனி பூத்துவிடும். ஏர் ஃபில்டர் அழுக்காக இருந்தாலும் மிக்சரின் கணக்கு தப்பும். இவை எல்லாம் சர்வீஸில் தீரும் விஷயங்கள்.

வால்வு கிளியரன்ஸையும், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியையும் பார்க்கச் சொல். டேப்பட் அட்ஜஸ்ட் செய்யும் வகை இன்ஜின் என்றால் இது ரொம்ப அவசியம். கேஸில் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும், தேயத் தேய வால்வு மேலே ஏறி கிளியரன்ஸ் குறைந்துகொண்டே வரும். கடைசியில் வால்வு முழுசாக மூடாது. மூடாத இன்லெட் வால்வு வழியாகத் தீ எளிதாகத் திரும்பும். கிளியரன்ஸ் குறைந்தால் டேப்பட் சத்தம் வராது, அதனால் யாருக்கும் தெரியாது. டேப்பட் சத்தமே இல்லாத கேஸ் வண்டியைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

உன் பழக்கம் ஒன்றையும் மாற்றிக்கொள், அம்மாடி. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்கிறாய், கூடவே ஆக்சிலரேட்டரையும் மிதிக்கிறாய். கேஸில் மிதித்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் எரியாத கேஸ் மேனிஃபோல்டில் சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் ஒரு பொறி சரியாக விழும்போது மொத்தமும் வெடிக்கும். இரண்டு தடவைக்கு மேல் ஸ்டார்ட் ஆகாவிட்டால் நிறுத்து. ஸ்விட்சைப் பெட்ரோலுக்கு மாற்று, கொஞ்ச நேரம் விடு, அப்புறம் பெட்ரோலில் ஸ்டார்ட் செய். காலையில் எப்போதுமே பெட்ரோலில் எடுத்து, இன்ஜின் சூடான பிறகு கேஸுக்கு மாற்றுவதே நல்லது. இன்ஜின் நின்றுபோனால் சாவி ஆனில் இருந்தாலும் சில நொடிகளில் கேஸ் வால்வு தானாக மூட வேண்டும். அது நடக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்.

அந்தப் பேக்ஃபயர் வால்வை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்பிரிங் வைத்த மூடி அது, வெடித்தால் திறந்து அழுத்தத்தை வெளியே விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். மாட்டு, நல்லதுதான். ஆனால் அது வெடிப்பை நிறுத்தாது, பெட்டி உடையாமல் காப்பாற்றும், அவ்வளவுதான். அதை மாட்டிவிட்டு ஒயரை அப்படியே விட்டால் ஒவ்வொரு மேட்டிலும் நீ நடுங்கிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். பின்னால் எப்போதாவது வண்டி மாற்றினால் சீக்வென்ஷியல் கிட் போட்டதை வாங்கு. அதில் கேஸ் ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் தனித்தனியாகத் தெளிக்கப்படும், மேனிஃபோல்டில் கேஸ் நிறைந்து நிற்காது. முக்கியமாக ஒரே காயிலிலிருந்து இரண்டு சிலிண்டருக்குப் பொறி போகும் வகை இன்ஜினில், இரண்டாவது சிலிண்டரில் வீணாக விழும் பொறி கிட்டத்தட்ட இன்லெட் வால்வு திறக்கும் நேரத்தில்தான் விழுகிறது. அந்த மாதிரி வண்டிக்கு மிக்சர் கிட் போடவே கூடாது என்பது என் எண்ணம்.

இப்போது உடனே செய்ய வேண்டியது. பெட்டி உடைந்த வண்டியைக் கேஸில் ஓட்டாதே. வெடித்த வேகத்தில் மிக்சருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய் மடிப்புகளில் கிழிந்திருக்கலாம், வாக்யூம் குழாய்கள் கழன்றிருக்கலாம். அந்தக் கிழிசலில் காற்று புகுந்தால் கலவை லீன் ஆகி அடுத்த வெடிப்பும் வரும். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டர் தகடு வைத்த வகை என்றால் தகடு வளைந்திருக்கலாம், அப்புறம் பெட்ரோலிலும் வண்டி திக்கும். இவற்றை முதலில் பார்த்துவிட்டு, ஒயர், மூடி, ரோட்டர், பிளக், கிளியரன்ஸ், அதற்குப் பிறகு அனலைசர் வைத்து டியூனிங், கடைசியில் பேக்ஃபயர் வால்வு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்.

நான்கு பிளக்கையும் கழற்றியதும் சிலிண்டர் வரிசைப்படி ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, முனை தெரிகிற மாதிரி கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படம் எடுத்து அனுப்பு. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கத்தையும் எடு. மயிர் மாதிரி கறுப்புக் கோடு ஏதாவது இரண்டு முனைகளுக்கு நடுவில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு இரவே கூப்பிடுகிறேன். அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா