விமர்சனத்தின் கீழே ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடித் தள்ளுபடி சமயத்தில் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு டவர் ஸ்பீக்கர் செட்டுக்கு விமர்சனம் வந்திருந்தது. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். பக்கத்தைத் திருப்பினால் அதே கம்பெனியின் முழுப் பக்க விளம்பரம். இரண்டிலும் ஒரே படம்.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆம்ப்ளிஃபயர் கட்டுவது இளவயதிலிருந்தே பைத்தியம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஆம்ப்ளிஃபயருக்கான எஸ்.டி.கே. ஐ.சி. சில்லும் டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் வாங்கிவந்து, ராத்திரி உட்கார்ந்து சால்டர் வைத்து, விடியற்காலையில் ராஜா பாட்டைப் போட்டு வீட்டில் திட்டு வாங்கிய தலைமுறை. இன்றைக்கும் தெருவில் யார் வீட்டு செட் கரகரத்தாலும் என்னிடம்தான் வரும். அப்படித்தான் நீங்கள் நாலரை நட்சத்திரம் கொடுத்த செட்டும் வந்தது. எதிர்வீட்டுப் பையன், உங்கள் விமர்சனத்தைப் படித்துவிட்டு வாங்கியிருக்கிறான். சத்தம் கொஞ்சம் கூட்டினாலே பிளிறுகிறது, பாருங்க மாமா என்றான்.

பின்பக்கம் ஆறு ஸ்க்ரூ. கழற்றினேன். ‘மூன்று வழி ஸ்பீக்கர்’ (அதாவது கனத்த, நடு, மெல்லிய ஒலிக்குத் தனித்தனி ஸ்பீக்கர்) என்று உங்கள் பக்கத்தில் போட்டிருந்ததே, முன்னால் இருந்து பார்த்தால் மூன்று வட்டம் தெரியத்தான் செய்கிறது. உள்ளே ஒயர் போயிருந்தது ஒன்றே ஒன்றுக்கு. மற்ற இரண்டும் பளபளப்பான பிளாஸ்டிக் மூடி, பசை போட்டு ஒட்டியது. கம்பிச் சுருள் இல்லை, காந்தம் இல்லை. வேலை செய்கிற அந்த ஒரு ஸ்பீக்கரின் காந்தமும் எலுமிச்சம்பழம் அளவுதான். பெட்டிக்குள் எதிரொலியை அடக்கும் பஞ்சு ஒரு துண்டு கிடையாது.

அப்புறம் அந்த வாட் கணக்கு. விமர்சனத்தில் ‘8000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று இருந்தது, அதாவது ஒரு கணம் எட்டுவதாகச் சொல்லப்படும் உச்ச சக்தி. பெட்டியின் முதுகில் சின்ன ஸ்டிக்கர்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட். சுவரிலிருந்து 60 வாட் இழுக்கிற பெட்டி 8000 வாட்டை எங்கிருந்து எடுக்கும்? இந்த மாதிரி ஆம்ப்ளிஃபயரில் இழுப்பதில் பாதி சூடாகவே போய்விடும். மிச்சம் ஏறக்குறைய 30 வாட். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 30 வாட் தாராளம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை அப்படியே எழுதியிருக்கலாமே. பி.எம்.பி.ஓ. என்பதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் கிடையாது. அவரவர் இஷ்டத்துக்குப் போடுகிற எண். அமெரிக்காவில் இந்தக் கூத்து முற்றிப்போய், வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு வாட் கணக்கை எப்படி அளந்து எப்படிச் சொல்ல வேண்டும் என்று 1974லேயே விதி கொண்டுவந்தார்கள். இங்கே அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண் நேராக உங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது.

உங்கள் விமர்சகர் காசு வாங்கிக்கொண்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அநேகமாக வாங்கியிருக்க மாட்டார். கம்பெனி ஒரு செட்டை அனுப்பியிருக்கும், இரண்டு வாரம் வைத்துக் கேட்டிருப்பார், திருப்பி அனுப்ப வேண்டிய பொருள் என்பதால் ஸ்க்ரூவில் கை வைத்திருக்க மாட்டார். அனுப்பிய செட்டும் பார்த்துப் பொறுக்கி அனுப்பியதாக இருந்திருக்கலாம். அவர் எழுதியதில் பொய் என்று ஒரு வாக்கியத்தைக் காட்டுவது கஷ்டம். ‘பேஸ் அதிர்கிறது’ என்றார், அதிரத்தான் செய்கிறது. சத்தம் கூட்டினால் என்ன ஆகிறது, ரிப்பேர் என்றால் எங்கே தூக்கிக்கொண்டு போவது, ஸ்பீக்கர் விளிம்பு ரப்பரா ஃபோமா, ஃபோம் என்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் எத்தனை வருஷம் தாங்கும், இதெல்லாம் கட்டுரையிலேயே இல்லை. விளம்பரக்காரரின் தயவு எழுதியதை விட எழுதாமல் விட்டதில்தான் தெரியும்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. கார்டன் ஹோல்ட் என்கிற அமெரிக்கர் ‘ஹை ஃபிடெலிட்டி’ இதழில் கருவிகளை விமர்சித்துக்கொண்டிருந்தவர். விளம்பரதாரர் மனம் கோணாமல் எழுதுகிற வழக்கம் பிடிக்காமல் வெளியே வந்து 1962ல் ‘ஸ்டீரியோஃபைல்’ என்று சொந்தமாக ஒரு இதழ் தொடங்கினார். பட்டதைப் பட்டபடி எழுதினார். ஆனால் ஆரம்ப வருஷங்களில் அந்த இதழ் நாள் தவறாமல் வந்ததில்லை. சந்தா கட்டியவர்கள் அடுத்த இதழ் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பார்கள். இன்று அதிலும் விளம்பரம் நிறையவே இருக்கிறது. ஆகவே விளம்பரமே வாங்காதீர்கள் என்று உங்களிடம் சொல்லும் அளவுக்கு நான் விவரம் தெரியாதவன் இல்லை. பேப்பர் விலையில் பேப்பர் நடத்த முடியாது.

இன்னொரு கதையும் உண்டு. ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்ற இதழை நடத்தும் சங்கம் 1936ல் தொடங்கியது. கம்பெனி விளம்பரம் வாங்குவதில்லை, சோதிக்கிற பொருளைச் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி கடையில் காசு கொடுத்து வாங்குவார்கள். 1970 மே இதழில் போஸ் கம்பெனியின் 901 ஸ்பீக்கரைப் பற்றி எழுதும்போது, வாத்தியங்களின் ஒலி பூதாகரமாகி அறைக்குள் அலைகிற மாதிரி இருந்தது என்று எழுதினார்கள். போஸ் வழக்குப் போட்டது. ‘அறைக்குள்’ என்று எழுதியது தவறு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே சுவரை ஒட்டித்தான் ஒலி நகர்ந்தது என்பது வாதம். கீழ்க்கோர்ட்டில் போஸ் ஜெயித்தது. மேல்முறையீட்டில் தோற்றது. கடைசியில் 1984ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதழின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அறையா சுவரா என்று 14 வருஷம்! ஒரு பைசா விளம்பரம் வாங்காத இதழுக்கே இந்தப் பாடு என்றால், அடுத்த பக்கத்தை அதே கம்பெனிக்கு விற்றிருக்கிற இதழில் ஒரு விமர்சகர் பேனாவை எடுக்கும்போது அவருக்கு என்னென்ன தோன்றும்? அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எதிர்வீட்டுப் பையன் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அது. அவனுக்கு இந்த விவரமெல்லாம் தெரிய வழியில்லை.

நம் நாட்டிலும் 2022ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் அந்தக் கம்பெனிக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. யூடியூபில் பேசுகிற பையன்களில் சிலராவது ‘இது கம்பெனி அனுப்பியது’ என்று வீடியோ ஓரத்தில் போட்டுவிடுகிறார்கள். அச்சில் வரும் பெரிய பத்திரிகையில் அந்த ஒரு வரி இல்லை. சட்டம் உங்களைக் கட்டுமா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை, அதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் கேட்பது இதுதான். ஸ்பீக்கரோ கேமராவோ டெலஸ்கோப்போ, எந்தக் கருவியின் விமர்சனமாக இருந்தாலும் கீழே சின்ன எழுத்திலாவது போடுங்கள்: பொருள் கடையில் வாங்கியதா, கம்பெனி தந்ததா, எத்தனை நாள் கையில் இருந்தது, திருப்பிக் கொடுத்தாயிற்றா, அந்தக் கம்பெனி இந்த மாதம் உங்களுக்கு விளம்பரம் தந்திருக்கிறதா. விளம்பரத்தை அடுத்த பக்கத்தில் போடாமல் வேறு வாரத்துக்குத் தள்ளினால் இன்னும் நல்லது. வாட் கணக்கு எழுதுவதாக இருந்தால் பெட்டியின் முன்பக்கத்து எண்ணை விட்டுவிட்டு, முதுகில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஸ்க்ரூகூடக் கழற்ற வேண்டாம்.

தீபாவளி இணைப்புக்கு வேலை தொடங்கியிருப்பீர்கள். அதிலேயே ஆரம்பித்துவிடலாமே.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
பாலக்கரை, திருச்சி